கையெழுத்துக்கு இரண்டு நாள் முன்பு வந்த பதவி உயர்வு

கொஸ்லந்த,
பரிதாபி வருஷம், கார்த்திகை மாதம் 20-ந் தேதி.

பண்டாரவளைக் கடைவீதியில் இருபத்தெட்டு வருஷமாக ஒரே கடையில், ஒரே மணைப்பலகையில் வீற்றிருந்து காய்கறி வியாபாரம் நடத்திவரும் மாமா ராமாமிர்தம் பிள்ளை அவர்கள் சமுகத்துக்கு, மருமகன் சொர்ணலிங்கம் தலைதாழ்ந்து எழுதிக்கொண்டது. இவ்விடம் நான் ஒருவன் மட்டும் சுகம். என் மனைவி அன்னலட்சுமியையும் குழந்தையையும் தாங்கள் வைத்திருப்பதால் அவர்கள் சுகத்தைத் தாங்கள்தான் எழுத வேண்டும். அத்தையின் முழங்கால் வலி குறைய வேண்டிக்கொள்கிறேன்.

ஆடி மாதம் தங்கள் வீட்டில் இலை முன்னால் உட்கார்ந்தபோது தாங்கள் அருளிய இரண்டு உபதேசங்களையும் நான் மறக்கவில்லை. குழம்புக்கு ஒன்று, ரசத்துக்கு ஒன்றாக வந்தன. முதலாவது: "தோட்டம் குடுக்கிற வீட்டுல எம் மக இனி இருக்க மாட்டா மாப்ள. சொந்த வீட்டுச் சாவியோட வாங்க, அனுப்பி வைக்கிறேன்." இரண்டாவது: "ஒரே எடத்துல கெடந்தா மனுசனுக்கு என்ன மதிப்பு இருக்கு? கொஸ்லந்தவுல பெரிய கிளாக்கர் வேலை காலியாம், எழுதிப் போடுங்க." தேனும் நல்லது, நெய்யும் நல்லது, சம அளவில் கலந்தால் விஷம் என்று வைத்தியர்கள் சொல்வார்கள். நான் இரண்டையும் ஒரே மடக்கில் குடித்தவன்.

வீடு தங்களுக்குத் தெரிந்ததுதான். பதுளையில் றஹீம் நானாவின் ஓட்டு வீடு, பின்னால் கிணறு, முற்றத்தில் ஒரு கொய்யா மரம். நான் கிளாக்கராகக் கணக்கெழுதிய ஹாலிஎலத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒன்றரை மணி நடை. கையிருப்புப் போக மீதிக்கு, அந்த வீட்டையே ஈடாக எழுதி வாங்கிக்கொண்டு பணம் தருவதாகச் சாத்தப்பச் செட்டியார் ஒப்புக்கொண்டிருந்தார். நான் ஒன்பது வருஷமாகத் தம்மிடம் வேலையில் இருப்பதாக ஹாலிஎலத் துரை ஒரு வரி எழுதிக் கொடுத்தார். பத்திரம் எழுதும் நொத்தாரிசு முத்திரைத் தாளில் என் பெயரை எழுதி, பக்கத்தில் 'ஹாலிஎலத் தோட்டத்துக் கிளாக்கர்' என்று முத்து முத்தாக எழுதிவிட்டார். புதன்கிழமை கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. திங்கட்கிழமை கொஸ்லந்தயிலிருந்து வேலைக் கடிதம் வந்துவிட்டது. இரண்டு நாள் பொறுக்கலாமா என்று தங்களுக்குத் தந்தி கொடுத்தேன். கத்தரிக்காய்க் காம்பையும் சேர்த்து நிறுத்து விற்கும் தாங்கள், சொல்லுக்குச் சொல் காசு வாங்கும் தந்தியில், 'வாசலுக்கு வந்த லட்சுமியை நிறுத்தி வைக்காமல் உடனே வேலையை ஏற்கவும்' என்று எட்டுச் சொல் செலவழித்தீர்கள். அந்தத் தாராளத்தைப் பார்த்து மயங்கிச் செவ்வாய்க்கிழமையே ஹாலிஎலத் துரையிடம் விலகல் கடிதம் கொடுத்தேன்.

புதன்கிழமை செட்டியார் முன்னால் வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கலாம். பதவி உயர்வு வந்தவன் வாய் எப்போது மூடியிருக்கிறது? நொத்தாரிசு ஹாலிஎல என்று வாசித்ததும், "அதை அடிச்சுட்டுக் கொஸ்லந்தன்னு எழுதுங்க, பெரிய கிளாக்கர்னும் போடுங்க" என்றேன். செட்டியார் எனக்கு நீட்டிய பேனாவைப் பின்னிழுத்துத் தம் காதில் செருகிக்கொண்டார்.

"அப்ப ஹாலிஎல வேலை போச்சா?"

"போகலைங்க, நானே விட்டேன். கொஸ்லந்தவுல சம்பளம் கூட."

"இன்னொருத்தன் இன்னும் கூடக் குடுத்தா அதையும் விட்டுருவீங்க."

சட்டைப் பையிலிருந்து என் பிரம்மாஸ்திரத்தை எடுத்தேன். ஹாலிஎலத் துரை பிரிவு உபசாரமாகக் கொடுத்த நற்சாட்சிக் கடிதம். யோக்கியன், சுறுசுறுப்பானவன், ஒரு நாள் பிந்தியதில்லை, இவனைப்போல் ஒருவன் இனிக் கிடைப்பது அரிது என்றெல்லாம் நொத்தாரிசு வாசித்து அர்த்தம் சொல்லச் சொல்ல, செட்டியாரின் முகம் வாடிக்கொண்டே போனது. "இம்புட்டு நல்லவர எந்தத் தொர வெளிய விடுவாரு? செத்தவனையும் வேலைய விட்டு வெரட்டுனவனையும்தான் தம்பி இப்படிப் புகழுவாங்க" என்றார். கொஸ்லந்தத் துரையிடம் நிரந்தர வேலை என்று எழுதி வாங்கி வந்தால் பேசலாம் என்று முத்திரைத் தாளை மடித்துவிட்டார். ஒன்பது வருஷ யோக்கியம் ஒரே மடிப்பில் அடங்கிவிட்டது.

கொஸ்லந்தத் துரை நல்ல தமிழ் பேசுகிறவர். "ஆறு மாசம் பாக்குறது, அப்பறம் எழுதுறது. நீ பதுளையில வீடு வாங்குறது எதுக்கு? அங்க ஓடிப் போறதுக்கு" என்றார். ஆக, வேலை நிரந்தரமானால்தான் வீடு என்கிறார் செட்டியார். வீடு வாங்குகிறவனுக்கு வேலை நிரந்தரமில்லை என்கிறார் துரை. இருவருக்கும் நடுவில் நான் நிற்கிறேன். மனம் கேட்காமல் பழைய துரையிடமே போய் நின்றேன். என் இடத்தில் ஆள் வைத்தாயிற்றாம். மிகவும் வருத்தப்பட்டு இரண்டாவதாக ஒரு நற்சாட்சிக் கடிதம் தந்தார். அது முதலாவதைவிட நீளம். அதைச் செட்டியார் கண்ணில் காட்டினால் போலீசுக்கு ஆள் அனுப்பிவிடுவார்.

வேடிக்கையில் ஒரு வேடிக்கை, கொஸ்லந்தயிலிருந்து அந்த வீட்டுக்கு ஒன்றரை நாள் நடை, வழியில் மாட்டுவண்டி கிடைத்தால் ஒரு நாள். வீட்டுக்காக வேலை தேடி, வீட்டை விட்டு இத்தனை தூரம் வந்த புத்திசாலியை இந்த மாகாணம் இதற்குமுன் கண்டிருக்காது. றஹீம் நானா தங்கமான மனிதர். "தை பொறக்கிற வரைக்கும் வேற யாருக்கும் குடுக்க மாட்டேன் தம்பி, அதுக்கப்புறம் எனக்கும் வழியில்ல" என்கிறார். தை பிறக்க ஒரு மாதமும் சில நாளும்தான் இருக்கிறது. போன முறை நான் தங்கள் வீட்டுக்கு வந்தபோது குழந்தை என்னைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடி, "அம்மா, யாரோ வந்திருக்காங்க" என்று சொன்னதைத் தாங்களும் கேட்டீர்கள். எல்லாரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு அது சிரிப்பாக இல்லை.

இந்த நிலையில் நேற்றுத் தங்கள் கடிதம் கிடைத்தது. பதுளையில் ஒரு பெரிய துணிக்கடையில் கணக்கெழுத ஆள் தேடுகிறார்கள், கொஸ்லந்தயை விட்டுவிட்டு உடனே போய்ச் சேரவும் என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று மாதத்தில் மூன்றாவது வேலை. மணைப்பலகையை விட்டு எழுந்தறியாத ஒருவர் ஊரார் காலுக்கு இவ்வளவு வேலை கொடுப்பதை நான் வேறெங்கும் கண்டதில்லை. மாமா, இனி நான் இந்த இடத்தை விட்டு ஓரடி நகர மாட்டேன். தங்கள் ஆலோசனை ஒன்றும் எனக்கு வேண்டாம். தங்களிடம் ஓர் உதவிக்கும் வந்து நிற்க மாட்டேன். வீடு கிடைத்தால் என் முயற்சியால் கிடைக்கட்டும், இல்லையேல் போகட்டும்.

அத்தைக்கு நமஸ்காரம். அன்னலட்சுமிக்குச் சொல்ல வேண்டியதை நேரில் சொல்லிக்கொள்கிறேன். குழந்தைக்கு ஆசிகள், யாரோ ஒருவர் அனுப்பியதாகச் சொல்லவும். தங்கள் வியாபாரம் மேலும் மேலும் விருத்தியடைய முருகன் துணை.

இங்ஙனம்,
சொர்ணலிங்கம்.

பின்குறிப்பு: இதை ஒட்டுவதற்குள் தோட்டத்துத் தபால்காரர் செட்டியாரின் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். துரையின் கடிதம் இல்லாமலே பணம் தருகிறாராம். ஆனால் நகராத ஆள் ஒருவர் பிணைக் கையெழுத்துப் போட வேண்டுமாம். 'பண்டாரவளையில் இருபத்தெட்டு வருஷமாக ஒரே பலகையில் உட்கார்ந்திருக்கும் தங்கள் மாமனாரைப் போன்ற ஒருவர்' என்று தங்களையே குறித்து எழுதியிருக்கிறார். தபால்காரர் குடையை விரித்துக்கொண்டு நிற்பதால் மேலே உள்ளதைக் கிழித்துவிட்டு வேறு எழுத நேரமில்லை. ஆகையால் தாங்கள் இந்தப் பின்குறிப்பிலிருந்து வாசிக்கத் தொடங்கி, இதோடு நிறுத்திக்கொள்ளவும். வருகிற புதன்கிழமை பதுளையில் கையெழுத்து. வரும்போது அன்னலட்சுமியையும் குழந்தையையும் அழைத்து வரவும், சாவி அங்கேயே கிடைத்துவிடும். அந்தத் துணிக்கடை வேலைக்குச் சம்பளம் எவ்வளவு என்று தாங்கள் எழுதவில்லை. வீட்டிலிருந்து கூப்பிடு தூரமாயிற்றே என்றுதான் கேட்கிறேன். ஆனால் புதன்கிழமை கையெழுத்து முடிகிற வரைக்கும் செட்டியார் காதில் இது விழவே கூடாது.