வாழைநாரில் வீசிய சக்தி

1998-இல் பெரிய காஞ்சிபுரத்தில் கோயில் வரிசையைவிட நீளமான வரிசை, இழைச்சித்தர் வீட்டு வாசலில் நின்றது. தறியில் பட்டு இழை அறுகிறதா? சித்தர் சிவப்புக் கயிறு தருவார். மறுநாளே குறையும். குறையவில்லையா? உங்களுக்குப் பக்தி போதவில்லை. வசதியான வைத்தியம்.

பத்துத் தறி வைத்திருந்த பஞ்சாட்சரமும் போனார். அன்று ஒரே நாளில் நாற்பது இழை அறுந்திருந்தது. சித்தர் கண்ணை மூடினார்.

"உன் கொட்டாயில தாலியறுத்தவ ஒருத்தி இருக்குறா. அவள அனுப்பு. கயித்தக் கட்டு."

அது அம்சவேணி. பதினைந்து வருடமாக அங்கே நெய்பவள். கணவன் செத்து ஆறு மாதம். அன்றே வேலை போயிற்று. மறுநாள் அறுந்தது பன்னிரண்டே இழை. ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டது.

போட்டுக்கொள்ளாதவள் பஞ்சாட்சரத்தின் மருமகள் மஹாலட்சுமி. கல்லூரியில் புள்ளியியல் ஆசிரியை. எந்த நொடியிலும் நிலை மாறக்கூடியவற்றைக் கணக்கில் பிடிப்பது அவள் ஆராய்ச்சி. அதற்காக ஒவ்வொரு தறியும் இழை அறுந்து எப்போது நின்றது, எப்போது மறுபடி ஓடியது என்று ஒரு வருடமாகக் குறித்துவந்தாள்.

"மாமா, தறிக்கு ஞாபகம் கிடையாது. நேத்து நாப்பது அறுந்துச்சேன்னு இன்னிக்கும் அறுக்காது. மோசமான நாளுக்கு அடுத்த நாள் பெரும்பாலும் சாதாரணமாத்தான் இருக்குது, நோட்டப் பாருங்க. அம்சவேணி அக்கா லீவுல இருந்த மாசமும் இதே கணக்குதான்."

"சித்தரு பொய் சொல்லுவாராம்மா?"

"அவரயே கேப்போம். பத்துத் தறியிலயும் உள்ள என்னன்னு தெரியாத மாதிரி துணிப்பொட்டலம் கட்டறேன். ஒரு வாரம் ஓடட்டும். எதெதுல அவரு கயிறு இருக்குதுன்னு சொல்லட்டும்."

சித்தர் வந்தார். பின்னால் கூட்டமும் வந்தது. நிற்காமல் ஓடிக்கொண்டிருந்த ஐந்து தறிகளை ஓரக்கண்ணால் பார்த்துவைத்துக்கொண்டு கை நீட்டினார்.

"இந்த அஞ்சும் நம்ம கயிறு. சக்தி வீசுது."

மஹாலட்சுமி பத்துப் பொட்டலங்களையும் பிரித்தாள். பத்திலும் பூக்கடை வாழைநார்.

"உங்க கயிறெல்லாம் என் கைப்பையில இருக்குது சாமி. நாருலயா வீசுச்சு?"

"கலிகாலம்" என்று முனகியபடி சித்தர் செருப்பைத் தேடினார். கூட்டத்திலிருந்த பக்கத்துத் தெருக்காரி கமலவேணி வாசலை மறித்து நின்றாள்.

"அப்புறம் போலாம், உக்காரு. என் தங்கச்சிய ராசியில்லாதவன்னு புருசன் வீட்ட விட்டுத் தொரத்த வெச்சியே, அதுக்கு பதில் சொல்லு."

சித்தர் செருப்பை விட்டுவிட்டுக் கொல்லைப்புறமாக நழுவினார். மறுவாரம் அவர் வீடு பூட்டிக் கிடந்தது.

பஞ்சாட்சரம் அம்சவேணி வீட்டுக்குப் போய், "வேலைக்கு வாம்மா" என்றார்.

"பதினஞ்சு வருசம் உங்க கண்ணு முன்னாலதானே நெய்ஞ்சிக்கினு இருந்தேன்? உங்களுக்கே தெரியலியா?"

"தப்புதாம்மா" என்று அவர் கைகூப்பினார். திங்கட்கிழமை அவள் தறியில் உட்கார்ந்தாள். அன்றும் இழை அறுந்தது. முடிச்சுப் போட்டு நெய்தாள்.

அறுந்த இழையை முடிய அரை நிமிடம் ஆகும். ஒருத்தியின் பிழைப்பை அறுக்கும் முன் யோசிக்கவும் அவ்வளவு நேரம் போதும், மூளை என்ற ஒன்று இருப்பது ஞாபகம் வந்தால்.