முப்பத்தொன்பது டிகிரியில் என் மாமியார்

என்னை முட்டாள் என்று சொல்லிச் சிரிக்கிறவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும். உடம்பு ஒன்று, காய்ச்சல் ஒன்று. அதற்கு இரண்டு எண் வைத்தவனை என்னவென்று சொல்வது? அவனை யாரும் கேட்கவில்லை. அறுபது வருஷமாக என்னைத்தான் கேட்கிறார்கள்.

எனக்குப் பள்ளிக்கூடம் இரண்டே வருஷம். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் எண்ணில் பிசகு வராது. கல்யாணத்துக்கு முன்னால் விழுப்புரத்தில் ஒரு பெண்கள் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தேன். அங்கே டாக்டரம்மா எனக்குக் கண்ணாடிக் காய்ச்சல் குச்சி பார்க்கக் கற்றுக்கொடுத்தார். தொண்ணூற்றெட்டு என்றால் சுகம். நூறு என்றால் காய்ச்சல். நூற்று நாலு என்றால் என்னைக் கூப்பிடு. தொண்ணூற்றைந்துக்குக் கீழே இறங்கினால் உடம்பு குளிர்ந்துகொண்டு போகிறது, கம்பளியைப் போர்த்திவிட்டு ஓடிவா. கடைசியாக ஒன்று சொன்னார்: "கை பொய் சொல்லும், கண்ணாடி சொல்லாது." (இந்த ஒரு வாக்கியம்தான் என் குடியைக் கெடுத்தது.)

திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டேன். வீட்டுக்காரர் ரயில்வேயில் பாயின்ட்ஸ்மேன். எங்கள் தெருவில் குச்சி பார்க்கத் தெரிந்த ஒரே பெண் நான்தான் என்று கொஞ்சம் தலை நிமிர்ந்துதான் நடப்பேன். என் மாமியாருக்கு அது ஆகாது. "கேப்பைக் களி கிண்டத் தெரியல, கண்ணாடி படிக்கிறாளாம்" என்பாள்.

உலகச் சண்டை நடந்த காலம் அது. பாண்டிச்சேரியில் ஒரு பிரெஞ்சுத் துரைசானி வீட்டில் என் நாத்தனார் அந்தோணியம்மா சமையல் வேலை பார்த்தாள். துரைசானி ஊருக்குப் போகும்போது ஒரு காய்ச்சல் குச்சியைக் கொடுத்துவிட்டுப் போனாளாம். அதை இவள் கொண்டைக்குள் செருகி, சுங்கச்சாவடியைத் தாண்டி எனக்குக் கொண்டுவந்தாள். அன்றைக்கு அந்தச் சுங்கக்காரன் அவள் கொண்டையை அவிழ்த்துப் பார்த்திருந்தால் என் மானம் பிழைத்திருக்கும். வாங்குகிற சம்பளத்துக்கு ஒரு கொண்டையை அவிழ்க்கக் கூடாதா?

அவள் வந்த மறுநாளே மாமியாருக்குக் காய்ச்சல். சித்திரை மாசம், வெயில் மண்டையைப் பிளக்கிறது. கையை வைத்தேன், சுட்டது. 'கை பொய் சொல்லும்.' குச்சியை நன்றாக உதறி, அக்குளில் வைத்து எடுத்தேன்.

முப்பத்தொன்பது.

திருப்பிப் பார்த்தேன், முப்பத்தொன்பதுதான். குச்சியே முப்பத்தைந்தில் தொடங்கி நாற்பத்திரண்டில் முடிந்திருந்தது. தொண்ணூற்றெட்டைக் காணோம். புத்தியுள்ளவள் குச்சியைச் சந்தேகப்பட்டிருப்பாள். நான் மாமியாரைச் சந்தேகப்பட்டேன். சாகப் போகிறவர்களுக்கென்றே பிரெஞ்சுக்காரன் தனியாகச் செய்த குச்சி போலிருக்கிறது என்று நானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

வீட்டுக்காரர் அம்மாவின் நெற்றியைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார். "இன்னாடி இது, தோசைக்கல்லு மாரி கீது. குளுந்துப் போச்சுன்ற?"

"ஆஸ்பத்திரில வேலை செஞ்சது நீங்களா, நானா? முப்பத்தொம்போது காட்டுது."

"அப்ப பாதி உசுருதான் கீதா?"

"பாதி கூட இல்லீங்க. ஜல்தியா போயி சாமியாரக் கூட்டியாங்க, உசுரு போறதுக்குள்ள அவஸ்தை எண்ணெய் பூசட்டும்."

அவர் சட்டையைக்கூட மாட்டாமல் மாதா கோயிலுக்கு ஓடினார். நான் வேலையைத் தொடங்கினேன். ரயில்வே கம்பளி இரண்டு, அதன்மேல் மல்லாட்டை மூட்டை கட்டுகிற கோணி நாலு. செங்கல்லை அடுப்பில் காய்ச்சித் துணியில் சுற்றிக் காலடியில் வைத்தேன். நெஞ்சுக்குத் தவிட்டு ஒத்தடம்.

"அருளாயி, தீயா எரியுதுடி. ஒரு சொம்பு தண்ணி ஊத்து."

"உங்களுக்கு அப்படித்தான் இருக்கும் அத்தை. உள்ளுக்குள்ள ஐஸாயிட்டீங்க."

"ஐஸா? கம்பளிய எடுடி பாவி!"

"கத்தாதீங்க, இருக்கிற சூடும் போயிடும்."

கால் மணி நேரம் கழித்துக் குச்சி வைத்தேன். நாற்பது! எனக்கு ஆனந்தக் கண்ணீரே வந்துவிட்டது. "அண்ணி, ஏறுதா?" என்று கேட்டாள், மூலையில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்த அந்தோணியம்மா.

"ஏறுது! இன்னும் ஐம்பத்தெட்டுதான் பாக்கி. இன்னொரு செங்கல்லு போடு!"

போட்டாள். நாற்பத்தொன்று ஆனது. மாமியார் செத்துப்போன மாமனாரோடு பேசத் தொடங்கினாள். "வந்துட்டியா? வாசல்லியே நில்லு, இவ உன்னியும் போத்திடுவா" என்றாள். உயிர் பிரிகிற நேரம் என்று நினைத்து நானும் ஓவென்று அழுதேன். என்னை எத்தனை திட்டினாலும் மாமியார், மாமியார்தானே. அழுதுகொண்டே ஐந்தாவது கோணியையும் போட்டேன்.

அப்போதுதான் சாமியார் எண்ணெய்ச் சிமிழோடு உள்ளே வந்தார். அவர் பிரான்சு தேசத்துக்காரர். தமிழை எங்களைவிட மெதுவாகவும் சுத்தமாகவும் பேசுவார். குச்சியைப் பார்த்தார். கோணியைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"பெண்ணே, இந்த அம்மாளை உயிரோடு அவிக்கிறாயா?"

சிமிழை வைத்துவிட்டு அவரே கம்பளியை இழுத்து எறிந்தார். அங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, துணியை நனைத்து நனைத்து அந்தோணியம்மாவிடம் கொடுத்தார். நான் தெருக் கிணற்றுக்கும் வீட்டுக்கும் குடத்தோடு ஓடினேன். தலையிலும் கையிலும் ஊற்றி ஊற்றித் துடைத்தோம். மாமியார் கண்ணைத் திறந்து, "சாமி, இவள வெளிய அனுப்புங்க" என்று சொன்னபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. சாமியார் பார்க்க வந்தார். அடுப்புக்கரியை எடுத்துச் சுவரில் கணக்குப் போட்டார். பிரெஞ்சு எண்ணை இரண்டால் பெருக்கு. வந்ததில் பத்தில் ஒரு பங்கைக் கழி. முப்பத்திரண்டைக் கூட்டு. நாற்பது என்றால் எண்பது, எட்டுப் போனால் எழுபத்திரண்டு, முப்பத்திரண்டு சேர்த்தால் நூற்று நாலு.

"எதுக்கு சாமி முப்பத்திரண்டு? பல்லுக்கு ஒண்ணா? எங்க அத்தைக்கு மொத்தமே ஏழு பல்லுதான்" என்றேன். எனக்கு அவ்வளவு ஆத்திரம். அவர் சிரித்தார். தண்ணீர் உறைவது, ஆங்கிலேயன் என்று எதையோ முனகினார். திண்டிவனத்தில் எந்தத் தண்ணீர் உறைந்தது?

மாமியார் அதற்கப்புறம் இருபத்திரண்டு வருஷம் இருந்தாள். கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்கும்போதெல்லாம் அந்தக் கரிக் கணக்கை மட்டும் விட்டுவிட்டு அடிக்கச் சொல்வாள். வருகிறவர் போகிறவர் "அது என்னாம்மா அழுக்கு?" என்று கேட்டால், "அதுவா? அதான் என் உசுரு. இவளுக்கு மறந்துடுச்சின்னா என்னிய மறுபடியும் போத்திடுவா" என்பாள்.

இப்போது பேரப்பிள்ளைகள் முறை. பரீட்சையில் முப்பத்தொன்பது மார்க்கு வாங்கிவிட்டு வந்து, "ஆயா, ஒரு செங்கல்லு வையேன், ஏறுதா பாக்கலாம்" என்கிறார்கள். போன சித்திரையில் ரேடியோவில் நாற்பத்தொரு டிகிரி வெயில் என்றான். வீடு மொத்தமும் என் பக்கம் திரும்பிச் சிரித்தது.

சிரிக்கட்டும். ஆங்கிலேயனும் போனான், பிரெஞ்சுக்காரனும் போனான். போகிறவன் அவனவன் எண்ணை எடுத்துக்கொண்டு போனானா? டாக்டர் கையில் இன்னும் தொண்ணூற்றெட்டு, ரேடியோவில் நாற்பத்தொன்று. நான் மட்டும் வீட்டில் உட்கார்ந்துகொண்டு இரண்டால் பெருக்குகிறேன்.