மாலை போட்ட படத்துக்குக் கீழே

பழவேற்காட்டு ஏரியில் தண்ணீர் இருக்கிற வரைக்கும் ஜமீன் மாதிரி இன்னொரு ஆள் பிறக்கப் போவதில்லை. பிறந்துவிட்டால் என் வயிறு தாங்காது. இருக்கிற ஒருவனைப் பார்த்தே எரிந்துகொண்டிருக்கிறது.

ஜமீன் என் சகலை. என் மனைவியின் தங்கை வள்ளியைக் கட்டியவன். ஏரிக்கரைக் குப்பத்திலேயே பிறந்து, அங்கேயே மாமியார் வீட்டில் குடியிருந்து, ஏரியில் வலை விட்டுப் பிழைப்பவன். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று ரேஷன் கார்டில் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. நிலம் கிடையாது, முழுதாக ஒரு படகுகூடக் கிடையாது. பாதிப் படகு அவனுடையது, மீதிப் பாதி அவன் தம்பியுடையது. அப்படிப்பட்டவன் எப்படி ஜமீன் ஆனான் என்பதைச் சொல்வதற்கு முன்னால் நான் யார் என்பதைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் என் வயிற்றெரிச்சலில் இருக்கிற நியாயம் உங்களுக்குப் புரியாது.

நான் அந்த வீட்டின் மூத்த மாப்பிள்ளை. ஆரம்பாக்கத்தில் குடியிருந்து, தினமும் ரயில் பிடித்துச் சென்னைக்கு ஆபீஸ் போகிறவன். பேன்ட் போட்ட மாப்பிள்ளை. நான் போகிற ஞாயிற்றுக்கிழமைகளில் மாமியார் தெருமுனைக்கே வந்து நிற்பார். மடவைக் குழம்பு வைத்தால் மீன் தலை எனக்குத்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, கதவைத் திறந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் என் கல்யாணப் படம் சட்டம் போட்டு மாட்டியிருக்கும்.

இதில் என்னய்யா பெருமை என்பீர்கள். நான் தாய் தகப்பன் இல்லாமல் சித்தப்பா வீட்டில் வளர்ந்தவன். அந்த வீட்டுச் சுவரில் சித்தப்பா பிள்ளைகளின் படம் உண்டு, சாமி படங்கள் உண்டு, பரிசு வாங்கிய ஒரு ஜோடி மாட்டின் படம்கூட உண்டு. என் படம் கிடையாது. ஆரம்பாக்கத்து வாடகை வீட்டிலோ, "செவுத்துல ஒரு ஆணி அடிக்கக் கூடாது சார்" என்று வீட்டுக்காரர் சாவியைக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டார். ஆகவே இந்த உலகத்தில் என் முகம் தொங்குகிற ஒரே சுவர் மாமியார் வீட்டுச் சுவர்தான். அதற்கும் ஆபத்து வந்தது.

குப்பத்துக்கு ஒரு படக் கம்பெனி வந்தது. பழைய காலத்து ஜமீன் குடும்பத்தைப் பற்றிய தொடர். ஏரிக்கரையில் பிளைவுட்டிலேயே ஒரு பங்களாவை எழுப்பினார்கள். ஜமீன் வீட்டுப் பெண் படகோட்டி மகனைக் காதலிக்கிறாள், வீட்டார் கூடாது என்கிறார்கள், அதுதான் கதை. பங்களாக் கூடத்தில் மாட்டுவதற்குச் செத்துப்போன பெரிய ஜமீன்தாரின் படம் ஒன்று வேண்டும். அதற்குப் பேசி வைத்திருந்த நடிகர் வரவில்லை. "ஊர்ல நல்ல ஆளா ஒருத்தர் கெடச்சா வேஷம் போட்டு ஒரு போட்டோ எடுத்துக்கறோம்" என்றார் தொப்பி போட்ட உதவி இயக்குநர்.

அன்றைக்கு நான் அங்கேதான் இருந்தேன். என் மீசையைப் பற்றி நானே பேசக் கூடாது. ஆனாலும் சொல்கிறேன், நல்ல மீசை. உதவி இயக்குநரின் கண்ணில் படுகிற மாதிரி நின்று இரண்டு பக்கமும் தடவி விட்டேன். அவரும் பார்த்தார். "சார், நீங்களே..." என்று வாயைத் திறந்தார். அதற்குள் ஊர்த் தலைவர் குறுக்கே வந்துவிட்டார்.

"அப்டி நீயா ஒர்த்தரக் கை காட்டக் கூடாது தம்பி. எங்க ஊர்ல எதுன்னாலும் சீட்டுதான்."

அந்த ஊர் வழக்கம் அப்படி. ஏரியில் எந்த இடத்தில் யார் எப்போது வலை விடுவது என்பதை ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். பெரிய ஆள், சின்ன ஆள் என்கிற பேச்சே கிடையாது. சீட்டில் யார் பெயர் வருகிறதோ அவனுக்கு இடம். அருமையான வழக்கம் என்று ஆபீசில் நானே பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் எனக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை.

"அப்போ என் பேரையும் எழுதுங்க" என்றேன்.

"நீங்க மாப்ள. ஒங்களுக்கு மருவாதி இருக்குது. பங்கு இல்லியே!" என்றார் தலைவர், கையைக் கட்டிக்கொண்டு.

சீட்டு என் சகலைக்கு விழுந்தது. அவனுக்கு மீசையே கிடையாது. மூஞ்சி முழுக்கத் தேடினாலும் நாலு முடி தேறாது. உதவி இயக்குநர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "இன்னா சார் பேஜாரு? ஒட்டிக்கினா போச்சு" என்றான் சகலை. ஒட்டினார்கள். பட்டுத் தலைப்பாகை, சரிகை அங்கவஸ்திரம், பூண் போட்ட தடி எல்லாம் கொடுத்து நிறுத்தினார்கள். பொய் சொல்லக் கூடாது, நாலு ஊரை ஆண்டவன் மாதிரியே இருந்தான் பாவி. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அன்றோடு ஆள் மாறிவிட்டான். ஒட்டு மீசையைக் கம்பெனியில் கெஞ்சி வாங்கிக்கொண்டான். துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டுதான் படகு ஏறினான். ஏலக் கூடத்தில் இறால் கூடையை இறக்கிவிட்டு விலை பேச மாட்டான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "உசிதம்போல் செய்க" என்பான். "இன்னா நைனா, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று கேட்பார் வியாபாரி. அதற்கும் "ஆகட்டும்" என்பான். குழாயடியில் சண்டை வந்தால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுத் தீர்ப்பு சொல்ல உட்கார்ந்துவிடுவான். சண்டை போட்ட இருவரும் சேர்ந்து அவனைத் திட்டுவார்கள். ஆக, சண்டை தீர்ந்துவிடும்.

ஊரே அவனை ஜமீன் என்று கூப்பிட ஆரம்பித்தது. நான் போய் இறங்கினால், "யாரு? ஜமீன் சகலையா?" என்று கேட்டார்கள். கேளுங்கள் இந்தக் கொடுமையை! ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது அவனுடைய ஒட்டு மீசை பிரிந்து மடவைக் குழம்புச் சட்டியில் விழுந்துவிட்டது. மாமியாருக்குக் கண் மங்கல். அன்று மீன் தலை அவன் தட்டுக்குப் போனது, மீசை என் தட்டுக்கு வந்தது.

தொடரில் பெரிய ஜமீன்தார் செத்துப்போனவர் இல்லையா? அதனால் படத்துக்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, விளக்கும் ஏற்றினார்கள். அந்த நேரம் பார்த்து வள்ளி புருஷனுக்குச் சோறு எடுத்துக்கொண்டு பங்களாவுக்குள் நுழைந்தாள். நிமிர்ந்து பார்த்தவள் தூக்கைக் கீழே போட்டு மாரில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, காலைலதானே பழைய சோறு துன்னுட்டுப் போனே! என்னை வுட்டுட்டுப் பூட்டியே!"

பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்த ஜமீன், "இன்னா வள்ளி, யாரு பூட்டாங்க?" என்றான். அவ்வளவுதான். அழுகை நின்று அடி விழுந்தது. முதல் அடி அவனுக்கு, மிச்சமெல்லாம் உதவி இயக்குநருக்கு.

விஷயம் கேள்விப்பட்டு மாமியார் ஓடி வந்து மாலையைப் பிடுங்கி எறிந்தார். "உசுரோட கீற புள்ளைக்கு மாலையா? நல்லா இருப்பீங்களாடா?" மாலை இல்லாவிட்டால் செத்தவர் என்று பார்க்கிறவர்களுக்கு எப்படித் தெரியும் என்றார் இயக்குநர். படப்பிடிப்பு நின்றது. கடைசியில் மாமியாரே ஒரு சட்டம் போட்டார்.

"சரி, மாலை போட்டுக்கோ. ஆனா அது தொங்கற வரிக்கும் எம்புள்ள அதுக்குக் கீய உசுரோட குந்திகினு இருக்கணும். அப்பதான் தோஷம் அண்டாது."

"இது எந்த சாஸ்திரத்துல இருக்குது அத்தே?" என்றேன்.

"நீங்க சும்மா இருங்க மாப்ள."

பாருங்கள், நான் மாப்பிள்ளை, அவன் பிள்ளை. இன்னொரு வார்த்தை பேசியிருந்தால் அழுதிருப்பேன்.

அதன்பிறகு எந்தக் காட்சி எடுத்தாலும், கேமராவில் விழாதபடி படத்துக்குக் கீழே ஒரு முக்காலி போட்டு ஜமீன் குந்தியிருப்பான். கதாநாயகி அழுகிற நேரத்தில் அவனுக்கு ஏப்பம் வரும். அண்ணன் தம்பி பாகம் பிரிக்கிற காட்சியில் குறட்டை விட்டான். நான் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு ஒரு நாள் போனேன். வேடிக்கை பார்க்க இல்லை, இன்னும் கொஞ்சம் வயிறு எரியத்தான்.

அன்றைக்குத்தான் முக்கியமான காட்சி. படகோட்டியின் கிழத் தகப்பன் பெண் கேட்டு வந்து வாசலில் நிற்கிறான். பெரிய ஜமீன்தாரின் மகனாக நடிப்பவர் மீசை துடிக்கக் கர்ஜிக்கிறார். "படகு தள்ளுகிற கூட்டத்துக்கு இந்த வீட்டுப் பெண் கேட்கிறதா? இந்த வாசற்படியை மிதிக்க உனக்கு என்ன தகுதி?" பிறகு கலங்கிய கண்ணோடு படத்தைக் காட்டி, "என் தகப்பனார் மட்டும் இன்று உயிரோடு இருந்திருந்தால் இதற்குச் சம்மதித்திருப்பாரா?" என்கிறார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.

"ஓ! பேஷா!" என்று படத்துக்குக் கீழேயிருந்து குரல் வந்தது. "பையன் சோக்காதானே கீறான்? குடுத்துட்டுப் போவியா!"

இயக்குநர் 'கட்' சொல்லிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். இனிமேல் பேச மாட்டேன் என்று ஜமீன் வள்ளி தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். மறுபடி எடுத்தார்கள். இந்தத் தடவை வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு பொறுமையாகத்தான் இருந்தான். ஆனால் படகோட்டிக் கிழவர் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி நடக்கிற இடம் வந்ததும், முக்காலி கவிழ எழுந்து கேமராவுக்கு முன்னாலேயே போய்விட்டான்.

"யோவ் பெர்சு, நீ இன்னாத்துக்குத் தல குனியற? உள்ள வா. வந்து குந்து." கிழவரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து ஜமீன்தார் நாற்காலியில் உட்கார வைத்தான். பிறகு மகனாக நடித்தவரைப் பார்த்து, "நான் உசுரோட இருக்கசொல்ல எவன்டா அது என் பேரச் சொல்லித் தொரத்தறது?" என்றான்.

கூட்டத்தில் நின்ற குப்பத்து ஜனம் விசில் அடித்தது. எனக்கும் கை துறுதுறுவென்றது. தட்டினால் அவனுக்குப் பெருமை சேர்ந்துவிடுமே என்று பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டேன்.

படம் இருந்தால் இந்த ஆளும் இருப்பான் என்று இயக்குநருக்குப் புரிந்துவிட்டது. சாயந்திரமே படத்தைக் கழற்றி, மாலையை எடுத்துவிட்டு அவன் கையில் கொடுத்தார்கள். அது நேரே மாமியார் வீட்டுக்கு வந்தது.

அடுத்த தடவை நான் போய்க் கதவைத் திறந்தேன். என் இடத்தில் ஜமீன் நிற்கிறான், தலைப்பாகையும் தடியுமாக, கதவு அகலத்துக்கு. என் கல்யாணப் படம் அடுக்களையில் அரிசி டிரம்முக்கு மேலே புகையில் தொங்கிற்று.

"இன்னா அத்தே இது?"

"பெர்சா கீது மாப்ள, வேற எடத்துல நிக்க மாட்டேங்குது. அடுப்பாண்ட இருந்தா இன்னா? நான் பாத்துகினேதானே சமைக்கிறேன்?"

சமாதானம் எதுவும் என் காதில் ஏறவில்லை. வாசலில் வலை பிரித்துக்கொண்டிருந்தவனிடம் போனேன். "ஏன்டா, நீ பண்ணது உனக்கே நல்லா இருக்குதா?"

"நான் இன்னா பண்ணேன் அண்ணாத்த? சீட்டு எனக்கு வுழுந்துச்சு."

"செவுத்துக்குமாடா சீட்டு? உனக்கு ஏரி இருக்குது, ஊர் இருக்குது, ஊர்ல பங்கு இருக்குது. எனக்கு இந்த ஒரு செவுருதான்டா இருந்துச்சு!"

ஜமீன் வலையைக் கீழே வைத்தான். 'ஆகட்டும்' என்றுகூடச் சொல்லவில்லை. நான் சாப்பிடாமல் பொன்னேரி பஸ் ஏறிவிட்டேன். பிறகு ஞாயிறு வந்தால் ஆபீஸ் வேலை என்றேன், தலைவலி என்றேன். என் மனைவி மட்டும் தனியாகப் போய் வந்தாள். "மாப்ள வர்லியா, மாப்ள வர்லியான்னு அம்மா கேட்டுகினே கீது" என்பாள். படத்தில் இருக்கிற ஜமீனைக் கேட்கச் சொல் என்பேன்.

அந்த வருஷம் கார்த்திகை மழையில் ஏரி பெருகிக் குப்பத்துக்குள் வந்துவிட்டது. போன் போட்டால் யாருக்கும் லைன் கிடைக்கவில்லை. என் மனைவி வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தாள். மறுநாள் காலை மாமியார், வள்ளி, ஜமீன் மூன்று பேரும் நனைந்து நடுங்கிக்கொண்டு எங்கள் வாசலில் நின்றார்கள். ஜமீன் தலையில் தார்ப்பாயில் சுற்றிய ஒரு பெரிய சட்டம். எனக்குக் குப்பென்று ஏறிற்று. இந்த வெள்ளத்திலும் தன் படத்தைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான் பார்!

வள்ளி படி ஏறும்போதே ஆரம்பித்தாள். "இந்தக் கூத்தக் கேளுங்க மாமா. மாரு வரிக்கும் தண்ணி. துணிமணி எடுன்னா எடுக்கல. இத்தத் தூக்கிகினு நிக்கிது இந்த ஆளு. பஸ்ல ஏத்த மாட்டேன்னு கண்டக்டர் சண்ட!"

ஜமீன் தார்ப்பாயைப் பிரித்தான். உள்ளே இருந்தது என் கல்யாணப் படம். புகைக் கறையெல்லாம் துடைத்திருந்தது.

"உன் படம் எங்கடா?"

"அது ஏரியோட பூட்ச்சு."

"அத வுட்டுட்டு இத ஏன்டா தூக்கியாந்தே?"

நான் ஏதோ புத்தி கெட்ட கேள்வி கேட்டுவிட்ட மாதிரி என்னைப் பார்த்தான். "அதுல கீறவன்தான் உசுரோட வந்து நிக்கிறேனே, அத எதுக்குத் தூக்கணும்? நீதான் அந்தாண்ட வரவே மாட்டேன்ற. அந்த வூட்ல நீன்னு கீறது இது ஒண்ணுதான் அண்ணாத்த. இதையும் ஏரில வுட்டுட்டு ஒன் மூஞ்சில எப்டி முழிக்கறது?"

நான் சுத்தியலைத் தேடி எடுத்துக் கூடத்துச் சுவரில் ஓங்கி ஓர் ஆணி அடித்தேன். சத்தம் கேட்டு வீட்டுக்காரர் மாடியிலிருந்து இறங்கி ஓடி வந்தார். "சார், அன்னைக்கே ஆணி..." என்று அவர் தொடங்குவதற்குள், ஈர வேட்டியோடு ஜமீன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்று, "உசிதம்போல் செய்க" என்றான். அவர் என்ன நினைத்தாரோ, திரும்பி மாடி ஏறிப் போய்விட்டார்.

தண்ணீர் வடிந்ததும் அவர்கள் கிளம்பிப் போனார்கள். நான் அந்தப் படக் கம்பெனியின் சென்னை ஆபீசுக்கு நடையாய் நடந்து, ஜமீன் படத்துக்கு இன்னொரு பிரதி வாங்கினேன். இப்போது என் கூடத்தில் இரண்டு ஆணி. அவன் படம் என் படத்தைவிடப் பெரிது, அதில் எனக்கு வருத்தம் உண்டு. குப்பத்துக்குப் போனால் மடவைத் தலை இன்றைக்கும் அவன் தட்டுக்குத்தான் போகிறது, அதிலும் எனக்கு வருத்தம் உண்டு. வீட்டுக்கு வருகிறவர்கள், "நீங்க ஜமீன் பரம்பரையா சார்?" என்று கேட்கிறார்கள். ஆமாம் என்றுதான் சொல்கிறேன்.

ஏரியும் வலையும் அவனை விடுவதில்லை, அதனால் அவன் ஆரம்பாக்கம் பக்கம் வருவது அபூர்வம். படத்துக்கு நான் மாலை போடுவதில்லை. போட்டால், அது தொங்குகிற வரைக்கும் அவன் கீழே வந்து உட்கார்ந்தாக வேண்டும், மாமியார் போட்ட சட்டம் அப்படி. ஆனாலும் சில ஞாயிற்றுக்கிழமைகளில், ஸ்டேஷன் வாசலில் பூக்காரியைத் தாண்டி வரும்போது, ஒரு முழம் வாங்கிக்கொண்டு போனால்தான் என்ன என்று தோன்றுகிறது.