ஒத்தை நட்சத்திரத்துக்குத் தாம்பூலத் தட்டு

அஞ்சாங்கிளாஸோட பள்ளிக்கூடம் என்னை விட்டது. (நான் விடலை, அதுதான் விட்டது.) ராசிபுரம் சந்தையில வெண்ணெய்ச் சட்டியைத் தலையில சுமந்தேன். சொந்தமா அடுப்பு வெச்சேன், கடை போட்டேன், இன்னைக்கு அதே இடத்துல மூணு மாடி. வாசத்தை வெச்சே நெய் இறக்குற பக்குவத்தைச் சொல்ற மூக்கு இந்தச் சுத்துவட்டாரத்துல எனக்கு மட்டும்தான். இத்தனையும் கட்டி எழுப்பின மனுசனை ஒரே ஒரு நட்சத்திரம் படுத்தின பாட்டைத்தான் எழுதறேன்.

போன்ல ஆர்டர் வாங்கி வெளியூருக்கு நெய் அனுப்பற வேலையை ஆரம்பிச்சது மருமக பவித்ரா. ஒரு தடவை வாங்கினவங்க மறுபடி வாங்கலை. "ஏன்னு அவங்களையே கேட்டாத்தானுங்க மாமா தெரியும்"னு சொல்லி, பார்சல் போய்ச் சேர்ந்ததும் அவங்க போனுக்கு ஒரு கேள்வித்தாள் போற மாதிரி செஞ்சா. நெய் எப்படி, அஞ்சுக்கு எத்தனை நட்சத்திரம்?

அன்னையிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளலை. சோத்துல கை, போன்ல கண்ணு. அடுப்படிக்கும் கடைவாசலுக்கும் நடந்து நடந்து செருப்பு தேஞ்சதுதான் மிச்சம். ஒரு நாள் காலையில வந்து விழுந்துச்சு, ஒத்தை நட்சத்திரம். கீழே, "இனி வாங்க மாட்டோம்." ஊரு, சேலம் கொண்டப்பநாயக்கன்பட்டி.

"இன்னும் நாலு பேரு சொல்லட்டுங்க மாமா, அப்புறம் பதில் எழுதலாம்"னா பவித்ரா.

எழுதறதா? கல்யாணத்துல பங்காளி கோவிச்சுக்கிட்டா லெட்டரா போடறோம்? தட்டு எடுத்துக்கிட்டு நேர்ல போயி சமாதானம் பண்ணிக் கூட்டிட்டு வாரோம். (எனக்குத் தெரிஞ்ச வியாபாரம் அவ்வளவுதான்.) ஆர்டர் நோட்டுல அந்த ஊருக்குப் போனது ஒரே பார்சல்தான்; பவித்ராவுக்குத் தெரியாம அந்த அட்ரஸைக் குறிச்சுக்கிட்டேன். மறுநாள் வளர்பிறை முகூர்த்தம். ராகு காலம் கழிச்சு வெத்தலை பாக்கு, பழம், தேங்காய், மல்லிப்பூ, நடுவுல ஒரு டப்பா நெய். பக்கத்துல பட்டுச்சேலையில என் சம்சாரம் சரசு. கிளம்பிட்டோம்.

கதவைத் திறந்தவர் தட்டைப் பார்த்தார், பட்டுச்சேலையைப் பார்த்தார்.

"வாங்க, வாங்க! தரகர் ஒரு வார்த்தை சொல்லலீங்களே!"

எனக்கு ஒண்ணும் உறைக்கலை. பக்கத்து ஊட்டுக்காரங்க வந்து உட்கார்ந்தாங்க. அவசரமா சேலை சுத்தின ஒரு பொண்ணு காப்பி கொண்டாந்துச்சு. ஒத்தை நட்சத்திரம் போட்டதுக்கு எவ்வளவு வருத்தப்படறாங்கன்னு நெஞ்சை நிமித்தினேன்.

"பையன் என்ன பண்றாருங்க?"

"நெய் காய்ச்சறானுங்க. ரெண்டு குழந்தைங்க."

வாய்க்குப் போன டம்ளரெல்லாம் பாதியில நின்னுச்சு. சரசு என் தொடையைக் கிள்ளினா. "ஏனுங்க, பொண்ணு பார்க்க வந்திருக்கோம்னு நினைச்சுட்டாங்க!"

பதறிப்போயி போனை நீட்டினேன். "இந்த நட்சத்திரத்துக்குத்தானுங்க வந்தோம்!"

அந்தப் பொண்ணுதான் முதல்ல சிரிச்சது. "நான்தானுங்க ஐயா போட்டேன். நெய்யைக் குறை சொல்லலீங்க. டப்பா மூடி லூசு. பாதி நெய்யை அட்டைப்பெட்டி குடிச்சிருச்சுங்க."

அவங்கப்பா மட்டும் சிரிக்கலை.

நாங்க ஊடு வந்து சேர்றதுக்குள்ள அந்தப் பொண்ணு மாத்திப் போட்டிருந்துச்சு. அஞ்சு நட்சத்திரம். "பெரியவர் நல்லவர். தயவுசெஞ்சு மறுபடி ஊட்டுக்கு அனுப்பாதீங்க."

"எழுதறவங்க யாருன்னு தேட மாட்டோம்னு கேள்வித்தாள்லயே வாக்குக் குடுத்திருந்தேனுங்க மாமா"ன்னு சொல்லிட்டுப் பவித்ரா ரெண்டு நாள் என்கூடப் பேசலை.

மூடியை மாத்தினோம். வாங்கினவங்களே மறுபடி மறுபடி வாங்கறாங்க. இன்னைக்கும் சொந்தத்துல யாராச்சும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டா, "அப்பா, தட்டு எடுக்கட்டுமா?"ன்னு மகன் கேக்க, ஊடே சிரிக்குது. சிரிக்கட்டும். ஆனா போன வாரம் சேலத்துல வியாபாரிங்க கூட்டத்துல, கேள்வித்தாளாலதான் வாடிக்கை நிலைச்சதுன்னு பேசிப் பவித்ரா கைதட்டு வாங்கினா. கேள்வித்தாள்ல மூடியைப் பத்தி ஒரு வார்த்தை வந்துச்சா? நாலு பேரு முன்னால மானத்தை விட்டு அதைக் கேட்டுட்டு வந்தது யாரு? அடுத்த கூட்டத்துல என் பேரைச் சொல்லோணும். மைக்குல சொல்லோணும்.