மூன்று கிழமைகளும் உன் அக்காவின் பிரஷரும்

அன்பு மைத்துனனுக்கு அத்தான் எழுதுவது. இங்கே பாதி நலம். அதாவது உன் அக்காவின் இடது பாதி. அங்கே உன் மனைவி, பிள்ளைகள், உன் பதவி உயர்வு எல்லாம் முழு நலமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

போனில் நான் சொல்லத் தொடங்கிய மூன்று முறையும் நீ மீட்டிங்கில் இருந்தாய். கடைசி முறை, "சுருக்கமா எழுதி அனுப்புங்க அத்தான், எங்க இடைவெளி விழுந்துச்சுன்னு பார்க்கறேன்" என்றாய். சுருக்கமாக எழுத எனக்கு வராது. இடைவெளி எங்கே விழுந்தது என்பதும் தெரியாது. உன் அக்கா விழுந்த இடம் தெரியும், அதை எழுதுகிறேன்.

எங்கள் தெருமுனைச் சுகாதார நிலையம் நீ பார்த்ததுதான். ஒரே அறை, ஒரே நர்ஸ். முன்பெல்லாம் அந்த நர்ஸம்மா பிரஷர் பார்ப்பார், மாத்திரை கொடுப்பார், உப்பைக் குறைக்கவில்லை என்று உன் அக்காவை நாலு பேர் முன்னால் திட்டுவார், பத்து நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும். அப்புறம்தான் கூட்டு முயற்சியால் நாட்டின் ஆரம்ப சுகாதாரத்தையே பலப்படுத்தும் உன் திட்டம் வந்தது. சுவரெல்லாம் பங்குதாரர்களின் பலகைகள் ஏறின; ஜன்னலை மறைத்து ஒன்றை மாட்டியதில் பட்டப்பகலிலும் லைட் போட வேண்டியதாயிற்று. பிரஷர் பார்ப்பது ஒரு அறக்கட்டளை, திங்கட்கிழமை. டாக்டர் ஒரு மருத்துவக் கல்லூரியிலிருந்து, புதன்கிழமை, திரையில். மாத்திரை ஒரு மருந்துக் கம்பெனி, வெள்ளிக்கிழமை. நர்ஸம்மாவுக்கு ஒருங்கிணைப்பாளர் பதவி: கழுத்தில் அட்டை, கையில் போன், மூன்று பேருக்கும் போட்டோ அனுப்புவது வேலை. பிரஷர் கருவியை மட்டும் அவர் தொடக்கூடாது. அது அறக்கட்டளையின் சொத்து, பூட்டிய பெட்டியில் இருக்கிறது. "பங்குதாரர் எல்லாம் இல்லீங்க, பங்காளிங்க. அதான் பூட்டு" என்றாள் உன் அக்கா. அப்போது அவளுக்குப் பேச்சு இருந்தது.

திங்கட்கிழமை போனால் பிரஷர் அதிகம் என்று சீட்டு எழுதித் தருவார்கள். அந்தச் சீட்டு ஒரு நாள்தான் செல்லும். புதன்கிழமை திரையில் வரும் டாக்டர், "இது பழைய ரீடிங், புதுசா பார்த்துட்டு வாங்க" என்பார். வெள்ளிக்கிழமை மாத்திரைக்காரர், "டாக்டர் எழுதிக் கொடுக்காம நான் எப்படிம்மா தர்றது?" என்பார். மூவரும் தங்கமானவர்கள், நாற்காலி போட்டு உட்காரவைத்து, "உரிய பங்குதாரரிடம் அனுப்பப்பட்டார்" என்று எழுதிக்கொண்டுதான் அனுப்புவார்கள். இப்படியே வாரக்கணக்கில். கையில் இருந்த பழைய மாத்திரை இரண்டாம் வாரமே தீர்ந்துவிட்டது. கடையில் வாங்கிக்கொள்கிறேன் என்றாள். "நாலு நாள் பொறு, முறைப்படி போவோம், உன் தம்பி போட்ட திட்டம்" என்று தடுத்தவன் நான்தான். முப்பது வருஷம் பார்சல் ஆபீசில் குப்பை கொட்டியவன். ஒரு பெட்டி இப்படிச் சுற்றியிருந்தால் என் சீட்டைக் கிழித்திருப்பார்கள். பெண்டாட்டி சுற்றியபோது குடை பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

இதற்கு நடுவில் எங்கள் நிலையத்துக்குக் கேடயம் வேறு. நோயாளிகளை அதிகமாக, முறையாக அனுப்பிவைத்த நிலையமாம். அந்த எண்ணிக்கையில் பதினெட்டு உன் அக்கா ஒருத்தியே. குரூப் போட்டோவில் ஓரமாக, தலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் பார்.

ஏழாவது வாரம், புதன்கிழமை காலை. திரைக்கு முன்னால் உட்கார்ந்தவள், "கை மரத்துப்போச்சு" என்றாள். அடுத்த வார்த்தை குழறியது. நாற்காலியிலிருந்து அப்படியே வலப்பக்கம் சரிந்தாள். திரையில் டாக்டர், "அம்மா தெரியலையே, கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்குங்க" என்றார். நான் இறக்கினேன். அவளைப் பிடிக்காமல் கேமராவைப் பிடித்தேன் மைத்துனா. நர்ஸம்மாதான் போனைத் தூக்கிப் போட்டுவிட்டு, அலமாரி மேலிருந்த கேடயத்தை எடுத்து, பெட்டியின் பூட்டில் நாலு போடு போட்டார். பூட்டும் உடைந்தது, கேடயமும் உடைந்தது. பிரஷர் இருநூற்று இருபது. தெருவில் போன காய்கறி வேனை மறித்து, அவளை ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவரும் அவர்தான். அரை மணி தாமதித்திருந்தால் ஆள் தங்கியிருக்க மாட்டாள் என்றார்கள் அங்கே. மறுநாளே நர்ஸம்மாவுக்கு மெமோ வந்தது, பங்குதாரரின் சொத்தைச் சேதப்படுத்தியதற்கு விளக்கம் கேட்டு. கீழே கையெழுத்து உன்னுடையது.

ஆகவே கேட்கிறேன். அந்த மெமோவைக் கிழித்துப் போடு. கருவி, மாத்திரை இரண்டின் சாவியையும் நர்ஸம்மாவிடம் கொடு. டாக்டர் திரையிலேயே வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நர்ஸம்மா எழுதும் சீட்டு எல்லாக் கிழமையும் செல்ல வேண்டும். அதுவரை என் வீட்டுப் படியை மிதிக்காதே. இதன் நகலைப் பத்திரிகைக்கும் அனுப்பப்போகிறேன்.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள், உன் மனைவிக்கு என் விசாரிப்பு. நீயும் பிரஷர் பார்த்துக்கொள், உங்கள் வம்சத்திலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
இன்னமும் உன் அத்தான்

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும்போது நர்ஸம்மா ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். நான்காவது பங்குதாரராம், பேச்சுப் பயிற்சி கொடுப்பவர்களாம். அந்தப் பெண் ஒரு மணி நேரம் உன் அக்காவுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து, உதட்டை விரி, குவி என்று அலுக்காமல் சொல்லிக்கொடுத்தாள். இருபத்து மூன்று நாளுக்குப் பிறகு உன் அக்கா வாயிலிருந்து "ஏ" என்று ஒரு சத்தம் வந்தது. நான் சமையலறைக்குள் போய் அழுதேன். இனி வாரம் இரண்டு தடவை வருவாளாம். ஆனால் எந்தப் பங்குதாரர் மீதும் புகார் இல்லை என்று கையெழுத்துப் போட்ட வீட்டுக்குத்தான் வரலாமாம், விதி அப்படி. நர்ஸம்மாவைப் பார்த்தேன். "போடுங்க சார். மெமோ எனக்கு ஒண்ணும் புதுசில்ல. அம்மா பேசட்டும்" என்றார். "மிகவும் திருப்தி" என்ற கட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். ஆகவே மேலே இருப்பது எதையும் நான் எழுதவில்லை. பத்திரிகைக்கும் எழுதவில்லை. நீ தாராளமாக வீட்டுக்கு வரலாம். மெமோவைக் கிழிக்க முடியாவிட்டால் இந்தக் கடிதத்தையாவது கிழித்துவிடு. அவள் பழையபடி என்னை "ஏங்க" என்று முழுசாகக் கூப்பிடும்வரை நான் மிகவும் திருப்தியாகத்தான் இருப்பேன்.