எட்டெம்மெம் அண்ணனுக்கு ஒரு மவுஸ்

மனிதனுடைய பொறுமைக்கு எல்லையே கிடையாது என்று யாராவது உங்களிடம் சொன்னால், அவர் எங்கள் எட்டெம்மெம் அண்ணனோடு ஒருமுறைகூடக் கடைக்குப் போனதில்லை என்று அர்த்தம். நான் போயிருக்கிறேன். ஒரே ஒரு மவுஸ் வாங்குவதற்காக, மழைக்காலம் முழுக்க, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போயிருக்கிறேன். எலி பிடிக்கப் போயிருந்தால்கூட அதற்குள் ஒரு குடும்பத்தையே பிடித்திருக்கலாம்.

கம்பத்துக்கு மேலே, எல்லை தாண்டி மலையில் இருக்கும் வண்டன்மேட்டில் ஏலக்காய் வாங்கி விற்கும் ஒரு கம்பெனியில் நான் கணக்கு எழுதுகிறேன். அதே கம்பெனிக்காக ஏலம் கேட்பவர் அண்ணன். சல்லடையில் சலிக்கும்போது எட்டு மில்லிமீட்டர் கண்ணுக்கு மேலே நிற்கிற காய்தான் முதல் தரம், எங்கள் பேச்சில் எட்டெம்மெம். அண்ணனுக்கு உலகமே அந்தச் சல்லடைதான். டீ கொண்டுவந்து வைத்தால் ஒரு வாய் குடித்துவிட்டு, "ஆறெம்மெம்" என்பார். புதிதாக வந்த டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து, "ஏழு இருக்கும்யா, எட்டுக்கு நிக்க மாட்டாரு" என்பார். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது.

இப்போதெல்லாம் ஏலத்தில் யாரும் கூவுவதில்லை. ஹாலில் வரிசையாகக் கம்ப்யூட்டர்கள். வியாபாரிகள் தோளோடு தோள் உரசி உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொரு குவியலுக்கும் மாதிரிக் காய் ஒரு தட்டில் வரும். கிள்ளிப் பார்த்து, மோந்து பார்த்து முடிப்பதற்குள் திரையில் விலை ஏறத் தொடங்கிவிடும். மவுஸை ஒருமுறை அமுக்கினால் ஒரு படி ஏறும். கடைசியாக அமுக்கியவனுக்குச் சரக்கு. கண்ணை மூடித் திறப்பதற்குள் அடுத்த தட்டு வந்து நிற்கும்.

அந்த ஹாலில் ஒரு எழுதாத சட்டம் உண்டு. பிடித்த சரக்கைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டும். உனக்குப் பிடித்திருக்கிறது என்று தெரிந்தால் பக்கத்தில் இருப்பவன் விலையை ஏற்றிவிடுவான். முகம் சுளிப்பதில் அண்ணனை மிஞ்ச ஆள் இல்லை. நல்ல பச்சைக் காய் வந்தால் விளக்கெண்ணெய் குடித்தவர் மாதிரி தட்டைத் தள்ளிவிடுவார். தள்ளும் கை தள்ளிக்கொண்டே இருக்கும், மற்றக் கை அமுக்கிக்கொண்டே இருக்கும்.

அமுக்குகிற அந்த வலது கைதான் ஜீப் கதவில் மாட்டி நசுங்கியது. எலும்பு சேர்ந்துவிட்டது. ஆனால் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மடங்க மறுத்தன. இடது கைக்கோ தட்டைத் தள்ளத்தான் தெரியும், அமுக்குகிற வேகம் வராது. ஏலத்தில் அண்ணன் அமுக்குவதற்குள் சரக்கு அடுத்தவன் லாரியில் ஏறிக்கொண்டிருந்தது. நல்ல சரக்காகப் பார்த்துக் கோட்டை விட்டுவிட்டு வந்து நின்றபோது முதலாளி கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"இந்தா பாருய்யா. சீசன் மொத ஏலத்துக்குள்ள கை வழிக்கு வரணும். இல்லேன்னா நீ ஸ்டோர்ல உக்காந்து காய் பிரிச்சுக்கிட்டு இரு. ஏலத்துக்குக் கணக்கப்புள்ள போகட்டும்."

கணக்கப்பிள்ளை என்றால் நான்! எனக்கு ஏலக்காய் என்றால் பாயசத்தில் கடிபட்டதும் துப்புகிற பொருள். போதாக்குறைக்கு நான் இடது கைக்காரன். ஹாலில் எல்லா மவுசும் வலது கைக்குத்தான். அன்றைக்கு மத்தியானம் அண்ணன் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. மீசை கறுப்பாக இருந்த காலத்திலிருந்து உட்கார்ந்த நாற்காலி அது. அது போனால் வண்டன்மேட்டில் தான் யார் என்று அவருக்கே தெரியாது.

"விரலை அசைத்துக்கொண்டே இருங்கள், எதையாவது அமுக்கிக்கொண்டே இருங்கள்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அண்ணன் அமுக்குவதற்குத் தேர்ந்தெடுத்தது துப்பாக்கிச் சண்டை விளையாட்டு. ஆபீஸ் கம்ப்யூட்டரில், என் மேசைக்கு எதிரில், காதில் பெரிய ஹெட்போனோடு! நான் வரிக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன். திடீரென்று, "அடேய், அந்தச் செவுத்துக்கு அங்கிட்டு ஒளிஞ்சிருக்கான்டா, போட்டுத் தள்ளு!" என்று ஒரு சத்தம் வரும். காய் விற்க வந்த தோட்டக்காரர் ஒருவர் மூட்டையைப் போட்டுவிட்டு வெளியே ஓடியிருக்கிறார்.

அந்த விளையாட்டிலும் மனிதர் ஏலம்தான் கேட்டார். மற்றவர்கள் ஒருவரை ஒருவர் சுட்டுத் தீர்க்கும்வரை புதருக்குள் படுத்திருப்பார். கடைசி ஆள் குண்டு தீர்ந்து நிற்கும்போது எழுந்து வருவார். "மொதல்ல ஏத்துறவன் கிறுக்கன்யா, கடைசில ஏத்துறவன் வியாபாரி" என்று எனக்கு விளக்கம் வேறு.

ஆபீஸ் மவுஸ் இதைத் தாங்கவில்லை. விளையாட்டுக்கென்றே செய்கிற மவுஸ் வேண்டும், பொத்தான்களுக்கு நம் இஷ்டப்படி வேலை மாற்றி வைக்கலாமாம், அதையே ஏலத்துக்கும் கொண்டுபோகலாம் என்று எங்கேயோ வீடியோ பார்த்துவிட்டு வந்து நின்றார். நல்லது, வாங்கித் தொலைக்கலாம் என்று ஜீப் ஏறினேன். அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி.

கட்டப்பனையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தவர் ஒரு ராவுத்தர். பாலக்காட்டில் நல்லேப்பிள்ளிப் பக்கத்துக்காரர். யார் வந்தாலும் எழுந்து நின்று, "வாங்க, உக்காருங்க" என்பார். அவ்வளவு மரியாதையான மனிதரை அண்ணன் எப்படி ஆக்கினார் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பாவமாக இருக்கிறது.

முதலில் அண்ணன் தன் தேவையைச் சொன்னார். "வெளாடும்போது டப்பு டப்புன்னு சத்தம் கேக்கணும். அப்பத்தான் சுட்ட மாதிரி இருக்கும். ஏலத்துல சத்தமே வரக் கூடாது. பக்கத்துல இருக்கவனுக்கு நான் அமுக்குறது தெரிஞ்சுபோகும்."

ராவுத்தர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"ஒரே மவுசுலீங்களா?"

"பெறகு? பாக்கெட்டுக்கு ஒண்ணா வச்சுக்கிட்டுத் திரியச் சொல்றீகளா?"

கனம் குறைய உடம்பெல்லாம் ஓட்டை போட்ட ஒரு மவுஸை ராவுத்தர் எடுத்து வைத்தார். அண்ணன் அதைக் காதருகே வைத்துக் குலுக்கினார். மோந்து பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு ஏலக்காயை எடுத்து ஓட்டையில் விட்டார். காய் உள்ளே போய்விட்டது. வரவில்லை.

"ஏனுங்க, என்ன பண்றீங்க? இது மவுசுங்க!"

"ஏழெம்மெம் காயெல்லாம் உள்ள விழுகுதுய்யா. என்ன சல்லடை இது?"

ராவுத்தர் அந்த மவுஸைத் ஸ்க்ரூடிரைவரால் பிரித்து, காயை வெளியே எடுத்து, எங்கள் கையிலேயே கொடுத்தார். அந்த அளவுக்கு நல்ல மனிதர்.

அடுத்த வாரம் கம்பி இல்லாத மவுஸ். "நம்மூர்ல கரண்டு எப்ப வரும்னு எவனுக்குத் தெரியும்? சார்ஜ் எறங்கிட்டா ஏலத்த நிறுத்தி வைப்பாங்யளா?" என்று தள்ளினார். அதற்கடுத்த வாரம் வானவில் மாதிரி விளக்கு எரிவது. அதை ஏல ஹாலுக்கே கொண்டுபோய்ச் சோதித்துப் பார்த்தோம். ஹால் மேலாளர் ஒரு மலையாளி, எட்டிப் பார்த்துவிட்டு, "சேட்டா, இது எந்தா? கல்யாணப் பந்தலோ?" என்றார். ஹாலே சிரித்தது. அண்ணன் திரும்பி வரும் வழியெல்லாம் என்னைத் திட்டினார். அதைத் தேர்ந்தெடுத்தவர் அவர். தூக்கிக்கொண்டு வந்தது மட்டும்தான் நான்.

எல்லாவற்றையும்விட என் தலைமுடியைப் பிய்த்துக்கொள்ள வைத்தது இன்னொன்று. உள்ளங்கைக்கு அணைவாக வளைந்து, கட்டைவிரல் படுக்க இடம் வைத்த அருமையான மவுஸ்கள் இருந்தன. பிடித்தால் விடவே மனசு வராது. அண்ணன் வலது கையில் பிடித்துப் பார்ப்பார், "ம்" என்பார். அப்புறம் இடது கைக்கு மாற்றிப் பிடிப்பார். "இது ஒரு கைக்குத்தான் ஆகும். எடுத்து வையி."

"உங்களுக்கு எத்தனை கைக்குங்க வேணும்?" என்று ராவுத்தர் ஒருநாள் கேட்டே விட்டார். குரலில் கண்ணீர் இருந்தது.

"குடுக்குறத மட்டும் குடுய்யா!"

அப்படியே ஆவணி பிறந்தது. கடைசியில் ஒரு நாள் ராவுத்தர் கறுப்பாக ஒன்றை எடுத்து வைத்தார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வடிவம், இரண்டு பக்கமும் பக்கவாட்டுப் பொத்தான்கள். மேல் பொத்தான் டப்பென்றது. பக்கவாட்டுப் பொத்தான் மூச்சே விடவில்லை. பொத்தான்களுக்கு இரண்டு மூன்று அமைப்பு வைத்துக்கொண்டு, அடியில் இருக்கும் சின்னப் பொத்தானால் மாற்றிக்கொள்ளலாம். எந்தக் கம்ப்யூட்டரில் செருகினாலும் வைத்த அமைப்பெல்லாம் மவுசுக்குள்ளேயே பதிந்து நிற்கும். அண்ணன் பிடித்துப் பார்த்தார். மாற்றிப் பிடித்துப் பார்த்தார். முகம் கோணியது.

"த்தூ! இதெல்லாம் ஒரு சரக்கா? இதப் போயி எடுத்து வச்சிருக்கீரே, குப்பைல போடும்யா!" என்று சொல்லி, கோபமாகப் படியிறங்கி வந்துவிட்டார். நானும் உண்மை என்றே நம்பினேன்.

மறுவாரம் உள்ளே நுழைந்ததும், "அந்தக் கறுப்பு மவுச எடும்யா" என்றார்.

"அதைத் திருப்பி அனுப்பிட்டனுங்க. நீங்கதானுங்க குப்பைல போடச் சொன்னீங்க."

"யோவ்! ஏலக்காரன் திட்டுனா சரக்கு புடிச்சிருக்குன்னு அர்த்தம்யா! ஒடனே ஆசப்பட்டா நீர் வெலைய ஏத்திப்புட மாட்டீரா? இதுகூடத் தெரியாதா?"

ராவுத்தர் முதன்முறையாக உட்கார்ந்துவிட்டார். "நான் கம்ப்யூட்டர் விக்கிறவனுங்க! எனக்கு எப்படீங்க தெரியும்? பெட்டி மேல வெல ஒட்டியிருக்குதுங்களே!"

அன்றைக்கு எனக்கும் பொறுமை போய்விட்டது. "அண்ணே, புடிச்சிருக்குன்னா புடிச்சிருக்குன்னு ஒரு வார்த்த சொன்னா என்ன கொறஞ்சா போவீக? நானும் ஒரு மழைக்காலம் பூரா ஒங்க பின்னாடி நாய் மாதிரி அலையுறேன். இனிமே நீங்களாச்சு, ஒங்க மவுசாச்சு!" என்று நடுக்கடையில் கத்தினேன். அண்ணன் கையில் இருந்த ஏலக்காயை உருட்டிக்கொண்டே நின்றார். ஏலத்துக்கு நாலைந்து நாள்தான் இருந்தது.

ராவுத்தர்தான் பத்து இடத்துக்குப் போன் போட்டு, கொச்சியிலிருந்து பஸ்ஸில் அதே மவுஸை வரவழைத்தார். ஏலத்துக்கு முந்தின நாள் பொத்தான்களை மாற்றிப் பதிய வைக்கும்போது அண்ணன் என்னை, "நீ போயி டீ குடிச்சிட்டு வாய்யா" என்று வெளியே அனுப்பினார். ரகசியமாம். எரிச்சலில் நான் இரண்டு டீ குடித்தேன்.

சீசனின் முதல் ஏலம். அண்ணன் நாற்காலியில். அவருக்கு இடப்பக்கம் ஒரு ஸ்டூலில், விழுந்தால் தூக்குவதற்கு வைத்த ஆள் மாதிரி நான். பின்னால் கையைக் கட்டிக்கொண்டு முதலாளி. கட்டைவிரலால் பக்கவாட்டுப் பொத்தானை அமுக்கி, சத்தமில்லாமல் முதல் இரண்டு குவியலை அண்ணன் அள்ளிவிட்டார். எனக்கு உயிர் வந்தது.

பிறகு கை விறைத்துக்கொண்டது. அவர் உதட்டைக் கடித்ததை நான் பார்த்தேன். ஒரு குவியல் போயிற்று. அடுத்ததும் போயிற்று. முதலாளி என் தோளில் கை வைத்து, "நீ உக்காருப்பா" என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள், அண்ணன் மவுஸைக் கவிழ்த்து வயிற்றில் இருந்த சின்னப் பொத்தானை அமுக்கினார். அதை என் இடது கைக்கு அடியில் தள்ளினார்.

"புடி. ஒன் பீச்சாங்கைக்கும் ஒரு அமைப்பு வச்சிருக்கேன். கட்டவெரல் எங்க படுதோ அங்க அமுக்கு."

என் கை அதில் சரியாகப் போய் உட்கார்ந்தது. இத்தனை ஞாயிற்றுக்கிழமையும் அந்த மனிதர் ஒரு கைக்கான மவுஸையெல்லாம் தள்ளித் தள்ளி வைத்தது என் கைக்காக! தான் கவிழ்ந்தால் அந்த நாற்காலியில் நான் தடுமாறக் கூடாது என்பதற்காக! அந்த ஆளையா நடுக்கடையில் வைத்துத் திட்டினேன்!

"சரக்க யார்ணே பாக்குறது?" என்றேன்.

"கண்ணு என்ன ஜீப்புக் கதவுலயா மாட்டிருச்சு? குத்துனா அமுக்கு. நிறுத்துனா நிறுத்து."

தட்டு வந்தது. அண்ணன் மோந்து பார்த்தார். சீ என்று முகத்தைச் சுளித்துத் தட்டைத் தள்ளினார். அதே சமயம் என் வலது விலாவில் அவருடைய முழங்கை இறங்கியது. அமுக்கினேன். மறுபடி குத்து. அமுக்கினேன். குத்து நின்றது, விலை நின்றது, சரக்கு எங்களுடையது. அன்று சாயங்காலம்வரை அப்படித்தான். முதலாளி கடைசியில், "சரி, ரெண்டு பேருமே உக்காருங்கய்யா, போங்க" என்றார். அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் மத்தியானம் தன் பொட்டலத்திலிருந்து பாதி ஆம்லெட்டைக் கிள்ளி என் இலையில் போட்டிருந்தார்.

இப்போதும் ஏலத்துக்கு அப்படித்தான் போகிறோம். வீட்டில் என் மனைவி, "ஏலத்துக்குப் போறீகளா, சண்டைக்குப் போறீகளா?" என்று கேட்டுக்கொண்டே விலாவுக்குத் தைலம் தேய்த்துவிடுகிறாள். மெதுவாகக் குத்துங்கண்ணே என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். மெதுவாகக் குத்தினால் நான் மெதுவாகத்தான் அமுக்குவேனாம். திட்டாத நாள் கிடையாது, நானும் அவரை, அவரும் என்னை.

போன வாரம் கம்பத்தில் தங்கச்சி வீட்டு விசேஷம் என்று அண்ணன் லீவு போட்டுவிட்டார். நான் மட்டும் தனியாக உட்கார்ந்தேன். தட்டு வந்தது. காய் பச்சைப் பசேலென்று உருண்டு திரண்டு கிடந்தது, எனக்கே தெரிந்தது. விலை ஏறிக்கொண்டே போனது. மவுஸின் மேல் என் கை இருந்தது, ஆனால் அமுக்கவில்லை. சரக்கு வேறு யாருக்கோ போயிற்று. வலப்பக்கம் நாற்காலி காலியாக இருந்தது. நான் குத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.