பெட்டிசம் காக்காவும் ஏழு வீடுகளும்

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ஒரு மேசன் கரண்டியைத் தவிர வாப்பா எனக்கு எதையும் வைத்துப் போகவில்லை. அதைக் கொண்டே கல்முனையில் மாடிக்கடை ஐந்து, பள்ளிவாசலுக்கு ஒரு மினாரா, கடற்கரைப் பக்கத்துச் சின்னத் தெருவான ஒழுங்கையில் ஏழு கல்வீடு எல்லாம் எழுப்பினேன். “மணலில் சுவர் நிற்காது” என்றவர்கள் மௌத்தாகிவிட்டார்கள். சுவர் நிற்கிறது. ஆனால் ஒரு கல்லும் தூக்காமல் ஓர் ஒழுங்கையையே தாங்கி நிறுத்தியவர் உலகத்தில் ஒருவர்தான்: பெட்டிசம் காக்கா.

பெட்டிசம், அதுதான் முறைப்பாட்டு மனு, எழுதுவது அவருக்கு மூச்சு. மாமியார் காய்ச்சிய ஆணத்தில் உப்புக் குறைவென்று மாமியாரின் கூடப்பிறந்த காக்காவுக்கே எழுதியவர். கோமாரியில் அலை ஒரு தோணியை இழுத்துப்போனபோது கடலுக்கு எதிராகவே எழுதினார். யாருக்கு அனுப்புவதென்றுதான் ஒரு கிழமை யோசித்தார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அந்த ஏழு வீட்டுக்கும் கடிதம் வந்தது. “பொதுத் தேவைக்காகக் காணி சுவீகரிப்பு.” பொதுத் தேவை என்னவென்றால், ஒரு முதலாளி ஹோட்டலும் கடைத்தொகுதியும் கட்டுவது! ஏழில் ஒன்று என் மூத்த சகோதரி, ராத்தாவின் வீடு. மகளுக்குக் கலியாணம் பேசி, அந்த வீட்டைத்தான் சீதனமாகச் சொல்லியிருந்தாள். வீடு போனால் மாப்பிள்ளை வீட்டார் அடுத்த தெருவில் பெண் பார்ப்பார்கள்.

காக்கா இரவு பகலாக எழுதினார். பதினொரு பெட்டிசத்துக்கும் பதிலில்லை. நான் கடிதங்களைப் புரட்டிவிட்டுக் கேட்டேன்:

“காக்கா, எல்லாம் ஆம்பிளைகள்ட பேருக்கெல்லுவா வந்திரிக்கி. நம்மட ஊருல ஆம்பிளைக்கு ஏது ஊடு?”

காக்காவின் காதில் செருகிய பென்சில் கைக்கு வந்தது. “இன்னொருக்காச் சொல்லுடா மனே!”

விசாரணைக்கு வந்த அதிகாரி வெளியூர்க்காரர். முதலில் என் மச்சானை, ராத்தாவின் புருஷனைக் கூப்பிட்டார்.

“இது உங்கட வீடுதானே?”

“இல்ல சேர். நான் கலியாணம் முடிச்சு வந்திரிக்கிறவன். பொஞ்சாதியக் கேளுங்க.”

இரண்டாமவரும் அதையே சொன்னார். மூன்றாமவர் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு, “ஊட்டப் பத்தி நான் கதைக்க ஏலா சேர். பொறகு நான் எங்க படுக்கிற?” என்றார்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். “இந்த ஊரில ஆம்பிளைக்குச் சொந்தமா என்னதான் இருக்கு?”

“சைக்கிள் இரிக்கி, சேர்” என்றார் பெட்டிசம் காக்கா.

கூடியிருந்தவர்களின் சிரிப்பு அடங்குவதற்குள் ஏழு பெண்களும் வீட்டுப் பத்திரங்களான உறுதிகளோடு வந்து நின்றார்கள். ராத்தா தன் உறுதியை மேசையில் விரித்தாள். “இது எண்ட ஊடு, நாளைக்கு எண்ட மகள்ட. அந்த முதலாளிட தேவைக்கு எண்ட புள்ளட ஊட்டையா எடுக்கிற? அவருக்கு என்ன, தென்னந்தோட்டம் இல்லையா?”

“கடிதமே ஆள் மாறிப் போயிருக்கு” என்று அதிகாரி ஃபைலை மூடினார். காக்கா ஏழு பெண்களின் பெயரிலும் ஏழு ஆட்சேபனை எழுதினார். சில மாதங்களில் சுவீகரிப்பைக் கைவிட்டுவிட்டதாகக் கடிதம் வந்தது, இம்முறை பெண்களின் பெயருக்கு. முதலாளி தன் தோட்டத்திலேயே கட்டிக்கொண்டார்.

ராத்தா மகளின் கலியாணம் அந்த வீட்டிலேயே நடந்தது. கூடியிருந்து சாப்பிடும் சஹன் தட்டில் இறைச்சி குறைவென்று காக்கா அங்கேயே கடதாசி கேட்டார்.

இன்றும் ஊரில் “பெட்டிசம் காக்கா காப்பாற்றிய ஒழுங்கை” என்றுதான் சொல்கிறார்கள். சொல்லட்டும். ஆனால் அந்த ஏழு வீட்டையும் கட்டியவனும், அந்த ஒரு கேள்வியைக் கேட்டவனும் இந்த மேசன்தான். அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இது பொய்யென்று காக்கா தான் அடங்கியிருக்கும் கபுறிலிருந்து ஒரு பெட்டிசம் அனுப்புவாரானால், அவர் எழுத்தை மறுபடியும் கண்ட சந்தோசத்துக்காகவே அதில் முதல் கையெழுத்தை நானே வைப்பேன்.